பெயர் தெரியாத வாசகி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி டவுனுக்குக் காலையில் வருகிற பஸ், மஹய்யாவைக்குக் கிட்ட வந்ததும் ஓடுவதை விட்டுவிடும். அங்கிருந்து நகர்வதுதான். மழை பெய்தால் அதுவும் இல்லை. டவுனில் ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் எனக்கு வேலை. டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் எழுதிக் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, டாக்டர் பிந்தினால் அவர்களிடம் ஏச்சு வாங்குவது. பல வருடங்கள் அந்த பஸ்ஸில் சும்மா வெளியே பார்த்துக்கொண்டே போய் வந்தேன். அந்த நேரத்தில் எழுதலாம் என்று பிறகுதான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை நன்றாக எழுதுவேன். அதோடு சரி. கல்யாணம், வேலை, மகளின் படிப்பு என்று போனதில், நான் பேனா பிடித்ததெல்லாம் நோயாளிகளின் பெயரை எழுதத்தான். ஒரு நாள் மகள் என் போனில் தமிழ் எழுத்துப் போட்டுத் தந்து, இணையத்தில் ஒரு பக்கமும் திறந்து கொடுத்தாள். எழுதணும் எழுதணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, எழுதிப் பாருங்கள் என்றாள். நான் எனக்கே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தொடங்க வேண்டும். இறங்குவதற்குள் போட்டுவிட வேண்டும். நன்றாக இல்லை என்று நாளைக்குத் தள்ளி வைக்கக் கூடாது.

தொடக்கத்தில் பாதி நாள் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பாரோ என்று போனை மடிக்குள் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். பிறகு கை பழகியது. கடவுச்சொல் போல ஒவ்வொரு நாளும் தன் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் பெரியவர், எக்ஸ்ரே நனையக் கூடாது என்று அதற்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்து வந்த கணவர், காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மருமகளோடு சண்டை போட்ட அம்மா. யாருடைய பெயரும் இல்லாமல், யாரென்று கண்டுபிடிக்கவும் முடியாமல் எழுதுவேன். சொந்தக்காரர்கள் சிலர் பார்த்தார்கள். மகளின் டியூஷன் டீச்சர் பார்த்தார். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

ஒரு காலையில், தன் பெயருக்குப் பதிலாக ஒரு பூவின் பெயரை வைத்திருந்த ஒருத்தி வந்து கீழே எழுதியிருந்தாள். "வாசிச்சேன் அக்கா." அவ்வளவுதான். படத்திலும் அந்தப் பூதான், முகம் இல்லை. மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் இரண்டு வரி. அப்படியே கூடிக்கொண்டு போனது. அவள் வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. நான் போடும் நேரம் அங்கே விடிந்தும் விடியாத நேரம். அந்த வீட்டு ஆட்கள் எழும்பும் முன் சமையலறையில் நின்றபடி வாசிப்பாளாம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை.

நான் மழையைப் பற்றி எழுதினால் மஹய்யாவையில் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பாள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் யாராவது வந்ததை எழுதினால் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்பாள். நான் பிறந்ததும் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என்று தெரிந்ததும் அவளுக்குப் பெரிய சந்தோஷம். அவளுடைய ஊரும் தெல்தோட்டைப் பக்கம். எந்தத் தோட்டம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு முறை காய்ச்சலில் படுத்து எழுதாமல் விட்டபோது, தனியே மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா சொகமா? இன்னைக்கி பக்கத்துல ஒண்ணும் இல்ல." படுக்கையில் கிடந்தபடியே நாலு வரி எழுதிப் போட்டேன். அதைக் கண்டு என் வீட்டுக்காரர், உனக்குச் சம்பளமா தருகிறார்கள் என்று கேட்டார். யாரோ ஒருத்தி அடுப்படியில் காத்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொன்னால் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் அவளைக் காணவில்லை. வேலை கூடியிருக்கும் என்று நினைத்தேன். கவுண்டரில் ஆள் நிறைந்திருந்த ஒரு பகல் பொழுதில் போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து நீளமான மெசேஜ். எழுத்தெல்லாம் அவசரத்தில் மாறிக் கிடந்தது.

"அக்கா போன புடுங்கிட்டாங்க. அவங்க மகள்கிட்ட கெஞ்சி இப்ப வாங்கினேன். அக்ரீமெண்ட் முடிஞ்சி போச்சி, அனுப்ப மாட்டேங்கிறாங்க. கதவ பூட்டிட்டுத்தான் போறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு கோல் எடுத்தேன், போகுதில்ல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க எழுதுறத நிப்பாட்டிராதீங்க."

உடனே எழுதினேன். உன் உண்மையான பெயர் என்ன, எந்த ஊரில் இருக்கிறாய், பாஸ்போர்ட் நம்பர் தெரியுமா, வீட்டுக்காரரின் நம்பரைத் தா. ஒவ்வொன்றாக அனுப்பினேன். முன்னால் நின்ற ஒருவர் தன் நம்பரை இரண்டாவது தடவையாகக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம், என்னோடு கவுண்டரில் வேலை செய்யும் பிள்ளைதான் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். என் கேள்விகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. எதையும் அவள் பார்க்கவில்லை. அன்று மாலையும் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மெசேஜை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் விஷயத்தைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகம் டவுனில் இருக்கிறதே, அங்கே போய்ச் சொல்லலாம் என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருந்த சிங்கள அம்மா நல்லவர். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார், அவருக்கு வரும் தமிழில் மெதுவாகவே பேசினார். பெயர் என்ன என்று கேட்டார். பூவின் பெயரைச் சொன்னேன். அது பெயரா என்றார். இல்லை என்றேன். பாஸ்போர்ட் நம்பர், போன நாள், அனுப்பிய ஏஜென்சி, எதுவும் எனக்குத் தெரியாது.

"நீங்க அவங்களுக்கு யார்?"

"நான் எழுதுறத வாசிக்கிறவங்க அவங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. நான் போனில் என் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பெயர் இல்லாத ஆளை எந்த நாட்டில் போய்த் தேடுவது, குடும்பத்தில் ஒருவர் வந்து முறைப்பாடு கொடுத்தால் எழுதி அனுப்பலாம் என்றார். எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். "அத ஒன்லைன்ல போட வேணாம். அந்த வீட்டு ஆள் பாத்தா அவளுக்குத்தான் கஷ்டம்." ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுப் பழகியவளுக்கு, எழுத வேண்டிய ஒன்றை எழுதக் கூடாது என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். நிப்பாட்டிராதீங்க என்று அவள் கேட்டிருந்தாள். யாராவது இரக்கப்பட்டு ஒரு நிமிஷம் போனைக் கொடுத்தால், திறந்து பார்க்கும்போது பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாது. பூ விற்கிறவளின் கூடையைப் பற்றி ஏதோ எழுதிப் போட்டேன். அதை எழுதும்போது எனக்கே வெறுப்பாக இருந்தது. ஒருத்தியை அடைத்து வைத்திருக்கிறார்கள், நான் கூடையைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் முன்பு எழுதியதையெல்லாம் முதலிலிருந்து தேடி வாசித்தேன். அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஊர் இருந்தது. பஸ் திரும்புகிற இடத்துக்குக் கிட்ட ஒரு இரும்புப் பாலம். ஸ்கூலுக்குப் பின்னால் உயரமான டர்பன்டைன் மரங்கள். திருவிழாவைப் பற்றி நான் எழுதிய நாளில், எங்க தோட்டத்துக் கோயிலுக்கு எங்க வீட்டுக்காரர்தான் ஸ்பீக்கர் கட்டுவார், அவரே முதல்ல மைக்கில் ஹலோ சொல்லிவிட்டு வெட்கப்பட்டு இறங்கிவிடுவார் என்று எழுதியிருந்தாள். இரும்புப் பாலம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் புறப்பட்டோம். பேராதனை, கலஹா வழியாகப் போகிற பஸ். தெல்தோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாலத்தடியில் இருந்த கடையில், கோயிலுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் சம்சாரம் வெளிநாட்டில், என்ன விஷயம் என்று கேட்டாள். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. இனி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் அவர் எங்களுக்குக் கதிரை போட்டார். தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை அவருக்கு. ஒல்லியான மனிதர், கையெல்லாம் தீக்காயத்தின் பழைய தழும்பு. தங்கள் பெண்பிள்ளை ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்குப் பழகப் போயிருக்கிறாள் என்றார். நான் யார் என்று சொல்லத் தொடங்கியதும் அவருடைய முகம் இறுகியது. தன் பெண்சாதியை எனக்கு எப்படித் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும், அவள் என்னோடு என்ன பேசுவாள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, நாங்கள் நல்லதுக்குத்தான் வந்தோம் என்றார். நான் போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன்.

அவர் போனை வாங்கவில்லை. "நீங்களே வாசிங்கக்கா. எனக்கு அவ்வளவு வராது" என்றார்.

வாசித்தேன். வீட்டுக்காரருக்கு கோல் எடுத்தேன், போகுதில்ல என்ற இடத்தில் அவர் எழுந்துவிட்டார். அவருடைய போன் ஆற்றில் விழுந்துவிட்டதாம். அவளுடைய நம்பரும் அதோடு போய்விட்டது, புது நம்பர் எடுத்திருக்கிறார். அதை மனைவியிடம் சொல்லும்படி, அடுத்த தோட்டத்திலிருந்து அதே நாட்டுக்குப் போன ஒரு பெண்ணிடம் சொல்லியனுப்பினாராம், அந்தப் பெண் அவளைச் சந்திக்கவே இல்லை. மனைவி கோபத்தில்தான் பேசவில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். லயத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கொஞ்சம் கழித்து உட்கார்ந்து, வேறு என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். அவள் என் பக்கத்தில் எழுதியவற்றைப் பழையதிலிருந்து வாசித்துக்கொண்டு போனேன். டாக்டருக்குக் கருவாடு கொண்டுவந்த ஒருவரைப் பற்றி நான் எழுதியிருந்த நாளில், எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், பிள்ளை பிறந்தப்போ லேடி டாக்டர் நோனாவுக்குப் பலாக்கொட்டை கொண்டுபோய்க் குடுத்தாரு என்று எழுதியிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையுமா எழுதியிருக்கிறாள் என்றார். இன்னொரு நாள், அவரு கோவக்காரர் இல்லக்கா, பேசத் தெரியாதவரு என்று எழுதியிருந்தாள். அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"அவ இவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டுக் கண்டிக்கு வந்தார். அவளுடைய பாஸ்போர்ட்டின் போட்டோகொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். அதே சிங்கள அம்மா முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார். இப்போது பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, அங்கே இருக்கும் தூதரகத்துக்கு எழுதுகிறோம், பதில் வந்தால் சொல்கிறோம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது, இனி என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்டார். பக்கத்துக் கடையில் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக்கூட அவர் பாதியில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு காத்திருந்ததுதான். அவர் வாரா வாரம் எனக்குப் போன் எடுப்பார். ஏதாவது மெசேஜ் வந்ததா என்று கேட்பார். இல்லை என்பேன். பிறகு, எழுதினீங்களா என்று கேட்பார். எழுதினேன் என்பேன். ஒரு தடவை தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்பதை எப்படியாவது உள்ளே போட முடியுமா, அவள் பார்த்தால் விளங்கிக்கொள்வாள்.

அப்படித்தான் என் காலை வரிகளுக்குள் தெல்தோட்டை வந்தது. கவுண்டருக்கு வந்த யாரோ சொன்னதாக எழுதுவேன். தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்களாம். ஒரு சின்னப் பிள்ளை ஓட்டப்போட்டியில் இரண்டாவதாக வந்தாளாம். ஒருவருடைய போன் ஆற்றில் விழுந்து நம்பர் மாறிவிட்டதாம். இதை எழுதிய நாளில் எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. அவள் படித்தாள் என்றால் போதும், அவருக்குக் கோபமில்லை என்று தெரிந்துகொள்வாள். ஆனால் வழமையாக வாசிக்கிறவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் எப்போதும் பாராட்டி எழுதுவார். உங்கள் எழுத்தில் முன்பிருந்த உயிர் இல்லை, யாருடைய கூரையோ எங்களுக்கு எதற்கு என்று எழுதினார். அவர் சொன்னது சரி. சிலர் மெல்ல வருவதை விட்டார்கள். மகள், கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள் அம்மா, முகமே நல்லாயில்லை என்றாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். ஒன்றும் ஆகாது என்றும் தெரியும்.

அலுவலகத்துக்கும் இடைக்கிடை போவேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுவார், இன்னும் இல்லை என்று. ஒரு தடவை எனக்கு அவர் மேல்தான் இரக்கம் வந்தது. மேசை நிறைய இப்படியான கோப்புகள். பக்கத்துக் கதிரையில் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண், அதற்கடுத்ததில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆண். அவர்கள் எல்லோரிடமும் அதே தலையாட்டல்.

பிறகு பெருமழைக் காலம் முடிகிற சமயத்தில், ஒரு மத்தியானம் அவளுடைய வீட்டுக்காரர் எனக்குப் போன் எடுத்தார். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"வந்துட்டா அக்கா. வந்துட்டா."

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இருந்தவர்கள் தோட்டத்து ஆபிசுக்குச் சொல்லி, அவர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவள் வேலை செய்த வீட்டுக் கிழவி செத்துப்போக, மற்றவர்கள் வேறு ஊருக்குக் குடிபோகிறார்களாம். டிக்கட் எடுத்து, அங்கே விமான நிலையத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். முறைப்பாட்டினால் அனுப்பினார்களா, கிழவி செத்ததால் அனுப்பினார்களா என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். தூதரகத்திலிருந்து அவருக்கு இன்னும் பதில் வந்திருக்கவில்லை.

மறுநாள் காலை எழுதிப் போட்டுவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைக் காணவில்லை. களைத்துப் போயிருப்பாள். பிள்ளையோடு இருப்பாள். அடுத்த நாளும் இல்லை. இரண்டு மூன்று வாரம் போனது. நானாகப் போன் எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுடைய வீட்டில் அவள் இருக்கிறாள், நான் யார்.

கடைசியில் அவளே எனக்குப் போன் எடுத்தாள். நான் கவுண்டரை விட்டுவிட்டு, இரத்தம் எடுக்கிற அறைக்குப் பக்கத்து நடைக்குப் போனேன். அவளுடைய குரலை அன்றுதான் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிடத் தடித்த குரல். முதலில் நன்றி சொன்னாள், நான் லயத்துக்கு வந்ததை அவர் சொன்னதாகச் சொன்னாள்.

"கோவிச்சிக்காதீங்க அக்கா. அன்னைக்கி உங்களுக்கு அனுப்புனதுக்குப் பொறகு போன் என் கைக்கே வரல. நீங்க எழுதினது ஒண்ணையும் நான் பாக்கல."

பரவாயில்லை என்றேன்.

"வந்த பொறகு எடுத்துப் பாத்தேன். ரெண்டு வரிக்கு மேல போக முடியல. அந்த கிச்சன் ஞாபகம் வந்துருது. உங்க மேல ஒண்ணும் இல்லக்கா."

வாசிக்க வேண்டாம் என்றேன். எப்போதும் வாசிக்க வேண்டியதில்லை என்றேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முதல் சில நாள் கிட்ட வரவில்லை, இப்போது பக்கத்தில் படுக்கிறாள் என்றாள். அவர் எப்படி என்று கேட்டேன். அவர் நல்லா இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, இப்பல்லாம் கொஞ்சம் பேசுறாரு என்றாள். அதில் லேசாகச் சிரிப்பு இருந்ததுபோல எனக்குப் பட்டது. உள்ளே யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் டவுனுக்கு வந்தால் வைத்திய நிலையத்துக்கு வா, சாப்பிடப் போகலாம் என்றேன். வருகிறேன் என்றாள். இன்னும் வரவில்லை. அந்தப் பூவின் படமும் இப்போது என் பக்கத்தில் எங்கும் இல்லை. கணக்கை மூடிவிட்டாள் போலிருக்கிறது. அவள் எழுதியிருந்தவையும் அதோடு போய்விட்டன.

திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அன்று தோல் டாக்டர் பிந்திவிட்டார், ஆட்கள் ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டில் இருக்கிறாள், அதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது, பக்கத்திலிருந்த பிள்ளை என்ன அக்கா என்று கேட்க, தூசி என்றேன்.

சில நாட்கள் எழுதவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. பிறகு ஒரு காலையில், முன் இருக்கையில் ஒருவர் மடியில் வைத்திருந்த கோழிக்குஞ்சுப் பெட்டி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். போனை எடுத்து அதை எழுதத் தொடங்கினேன். இதை அவள் பார்த்தால் என்ன கேட்பாள் என்று கை தானாக யோசித்தது. எத்தனை குஞ்சு என்று கேட்டிருப்பாள். அந்த யோசனையை நிறுத்த எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.